தோட்டத்து நீச்சல் குளமும் பக்கத்து வீட்டு வக்கீல் நோட்டீஸும்

கேள்வி: கோவை வடவள்ளி பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகளுக்காக 2022இல் பின்பக்கத் தோட்டத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டினேன். பராமரிப்பை ஒருவரிடம் ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்து, 60,000 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டேன். சில மாதங்களாக அவர் ஆள் அனுப்புவதில்லை, போனையும் எடுப்பதில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டது. இந்த நிலையில் பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். குளத்துத் தண்ணீர் கசிந்து அவர் வீட்டுச் சுவர் ஓதமடிக்கிறதாம். ஃபில்டர் கழுவிய மருந்துத் தண்ணீர் அவர் மனைக்குள் ஓடி வாழையும் தென்னங்கன்றும் கருகிவிட்டனவாம். கொசுத் தொல்லை வேறு. 15 நாளில் 8 லட்சம் ரூபாய் தர வேண்டும், குளத்தை மூட வேண்டும் என்கிறார். தப்பு ஒப்பந்தக்காரருடையது, நான் ஏன் கொடுக்க வேண்டும்? இன்னொன்று, தெருப் பையன்கள் மதில் ஏறிக் குதித்துக் குளிக்கிறார்கள். போன மாதம் ஒருவன் வழுக்கி விழுந்து மண்டையில் தையல் போட்டார்கள். "அத்துமீறி நுழைபவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு வைத்தால் போதுமா?

பதில்: ஐயா, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சுவர் ஓதமும் வாழைமரமும் பணத்தில் முடிகிற விஷயங்கள். பையன்கள் மதிலேறிக் குதிப்பது அப்படியல்ல. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு அந்தக் குளத்தை யாரும் நெருங்க முடியாதபடி செய்துவிடுங்கள்.

போர்டு போதாது. அனுமதியில்லாமல் நுழைந்தவன் என்பதற்காக ஒருவன் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை. உச்ச நீதிமன்றம் 1963இல் செருபின் கிரகரி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் அதற்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் கம்பியைப் போட்டார். அதைத் தொட்ட பெண் இறந்துபோனார். "அந்தப் பெண் என் இடத்தில் அத்துமீறி நுழைந்தார்" என்ற வாதம் எடுபடவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனை உறுதியானது. ஆகவே பையன்களைத் தடுக்க மதில்மேல் மின்கம்பி இழுக்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

நீங்கள் பொறியெதுவும் வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பையன்கள் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஒருவனுக்கு அடிபட்டதும் தெரியும். நாளைக்கு ஏதாவது நடந்தால் கேள்வி, "தெரிந்தும் என்ன செய்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். கவனக்குறைவால் மரணம் என்ற குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது 5 ஆண்டு வரை போகிறது. அது தவிர, இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். "அவனே ரிஸ்க் எடுத்துத்தான் குதித்தான்" என்ற பதிலை ஒரு சிறுவன் விஷயத்தில் நீதிமன்றம் ஏற்பது மிகக் கடினம். 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் சம்மதத்தைக் குற்றவியல் சட்டம் பொதுவாகச் சம்மதமாகவே கருதுவதில்லை.

அதனால் குளத்தின் நான்கு பக்கமும் தனி வேலி போடுங்கள். வீட்டு மதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் வருவது வீட்டுக்குள்ளிருந்துதானே? ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளங்களுக்கு 1.2 மீட்டர் உயர வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். மதிலேறும் பையன்கள் இருக்கும் இடத்தில் அதைவிட உயரமாகவே போடலாம். கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது, தாழ்ப்பாள் சின்னக் கைகளுக்கு எட்டக் கூடாது. வேலி வரும்வரை குளத்தின்மேல் வலையை இழுத்துக் கட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் இன்னொரு ஆபத்து உண்டு. அடி தெரியாது. ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது, மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதுமில்லை. பம்ப்புக்கும் குளத்து விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து இந்த வாரமே பாருங்கள். அடிபட்ட பையனின் வீட்டுக்குப் போய் அவனை விசாரித்துவிட்டு வாருங்கள். அதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

சரி, இனி நோட்டீஸுக்கு வருவோம்.

"தப்பு ஒப்பந்தக்காரருடையது" என்கிறீர்கள். உங்களுக்கும் அவருக்கும் இடையில் அது சரி. பக்கத்து வீட்டுக்காரரிடம் செல்லாது. 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான். ஆலைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்ட ஒப்பந்தக்காரர்களை அமர்த்தினார். அடியில் கிடந்த பழைய சுரங்கக் குழிகளை அவர்கள் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் நிரப்பியதும் பக்கத்துச் சுரங்கம் மூழ்கியது. ஆலைக்காரர்மேல் தனிப்பட்ட தவறு எதுவும் இல்லை, ஆனாலும் பொறுப்பு அவருடையதே என்றார்கள். இயல்பாக இல்லாத ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், அது தப்பிப் போய்ச் செய்யும் கேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே பிறந்த விதி.

நம் மண்ணில் இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைத்து மதராஸ் ரயில்வேயின் பாதை சேதமானபோது, வழக்கு அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஏரிகளைப் பராமரிப்பது இந்த நாட்டில் தொன்றுதொட்டு வரும் கடமை, ஊரே அதை நம்பியிருக்கிறது, அதனால் கவனக்குறைவு இருந்தாலொழிய ஜமீன்தார் பொறுப்பல்ல என்று 1874இல் தீர்ப்பு வந்தது. உங்கள் வக்கீல் இதைக் காட்டி வாதாடலாம் என்று நினைக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாசன ஏரி வேறு, பேரப்பிள்ளைகள் விளையாடும் குளம் வேறு. அதோடு, மாதக்கணக்கில் பராமரிக்காமல் விட்டதே கவனக்குறைவுக்குச் சாட்சியாகிவிடும். வீட்டுக் குளத்துக்கு ரைலண்ட்ஸ் விதி பொருந்துமா என்று வாதிடலாம். கவனக்குறைவு, தொல்லை என்ற காரணங்களைச் சொல்லியும் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடலாம் என்பதால் அந்த வாதத்தில் ஜெயித்தாலும் உங்களுக்குப் பெரிய லாபமில்லை.

ஆனால் அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சுவர் ஓதம் உங்கள் குளத்தால்தானா என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். அவர் வீட்டுக் குளியலறைக் குழாயும் காரணமாக இருக்கலாம். முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள், செலவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றிக் குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் தண்ணீர் மட்டம் ஒன்றாக இருக்கட்டும். இரண்டையும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, மழையில்லாத ஒரு நாளில் 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான் இருக்கும். வாளியைவிடக் குளம் அதிகமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. உங்கள் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டர் கூடுதலாகக் குறைந்தால் 320 லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து பம்ப் ஓடும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது மட்டும் அதிகம் குறைந்தால் குழாய் இணைப்புகளைச் சந்தேகப்படலாம். தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபில்டர் கழுவும் தண்ணீர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் குறைவு. பேக்வாஷ் குழாயின் வாய் அவர் மதிலைப் பார்த்து இருந்தால் அதை உடனே திருப்புங்கள். அடுத்தவர் மனை வழியாகத் தண்ணீர் விடும் வசதியுரிமை, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாகவே அனுபவித்தால்தான் கிடைக்கும். உங்கள் குளம் வந்ததே 2022இல். சொந்த மனைக்குள் மதிலிலிருந்து தள்ளி ஒரு உறிஞ்சுகுழி வெட்டி அதில் விடுங்கள். குளோரின் போட்ட உடனே பேக்வாஷ் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டுவைத்தால் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கொசுவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. தண்ணீரைத் தெளிய வைத்து, பம்பைத் தினமும் ஓட்டி, குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.8க்குள் வைத்தாலே இந்தக் குற்றச்சாட்டு விழுந்துவிடும். பயத்தில் குளத்தை ஒரேயடியாகக் காலி செய்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது, காலிக் குளத்தை அடியிலிருந்து தண்ணீர் தூக்கி விரிசல் விடவைக்கும். புதிதாக வரும் ஆளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது, கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

குளத்தை மூட வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கசிவை நிறுத்தினால் தீரும் தொல்லைக்குக் குளத்தையே மூடு என்று நீதிமன்றம் சாதாரணமாகச் சொல்லாது. ஆனால் கட்டட அனுமதி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குளம் அதில் இல்லாவிட்டால் அவருக்கு அதுதான் வலுவான ஆயுதம். நகர், ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். அப்படியானால் புகாருக்குக் காத்திருக்காமல் வரைபடத்தோடு ஒரு பதிவுபெற்ற பொறியாளரைப் பாருங்கள்.

8 லட்சம் என்பது பேச்சைத் தொடங்குவதற்கான தொகை. வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் அதற்கு 3 சதவீதம், அதாவது 24,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்டி, ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனாலும் நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் பின்னால் அதை உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். பதிலில், குழாயைத் திருப்பியதையும் சோதனை நடப்பதையும் சொல்லுங்கள், இழப்பை மறுத்து ஆதாரம் கேளுங்கள். சரிசெய்வது பழியை ஏற்பதாகாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையோடு கேவியட் மனு ஒன்றும் தாக்கல் செய்துவிடுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடையாணை வராமல் இருக்க அது உதவும். 90 நாள் வரைக்கும்தான் செல்லும், தேவையானால் மறுபடி போட வேண்டும். வழக்கு வந்தால் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைப் பொறியாளரோடு அனுப்பி இரண்டு வீட்டையும் பார்க்கச் சொல்லி மனுப் போடலாம். ஓத வழக்குகளில் பெரும்பாலும் அந்த அறிக்கையைச் சுற்றித்தான் எல்லாம் நகரும்.

என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுப்பேன். வழக்குக்கு முந்தைய நிலையிலேயே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் பதிவானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. சுவருக்குப் பூச்சு, கன்றுகளுக்கு நியாயமான தொகை என்று முடித்துக்கொண்டால், பத்தடி தூரத்தில் இருப்பவரோடு கோர்ட் வாசலில் வருடக்கணக்காக நிற்க வேண்டியிருக்காது.

ஒப்பந்தக்காரரை அதற்காக விட்டுவிடாதீர்கள். ஒப்பந்த நகல், பணம் கட்டிய ரசீது, எடுக்காத அழைப்புகளின் பட்டியல், பச்சைத் தண்ணீர் போட்டோ எல்லாவற்றையும் சேருங்கள். 15 நாள் கெடு கொடுத்து, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய பணத்தோடு, அவர் வராததால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுக்க நேர்ந்த தொகையையும் கேளுங்கள். வராமல் போனதற்கும் கசிவுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் காட்ட வேண்டியது உங்கள் வேலை, அதற்கும் அந்த வாளிச் சோதனை உதவும். அவர் வருவதை நிறுத்திய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதனால் சமரசப் பேச்சு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.