நாற்காலி ஆடினால் வெல்டிங்கைத் திட்டாதீர்கள்

கேள்வி (கொளத்தூர் வாசகர்): சார், எனக்கு ஆபீஸ் வேலை, பட்டறைப் பக்கம் போனதே இல்லை. தீபாவளி போனஸில் சின்னதாக ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கி, மொட்டை மாடியில் ஒரு ஸ்டூல் செய்தேன். நாலு காலில் ஒன்று தரையைத் தொடவே மாட்டேன் என்கிறது, பைப்பிலும் அங்கங்கே ஓட்டை. என் வெல்டிங் அவ்வளவு மோசமா? அடுத்து சாய்வு வைத்த நாற்காலி செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் வெல்டிங் சுமாராக இருக்கலாம், ஆனால் கால் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு அது காரணமில்லை, வெட்டியதுதான் காரணம். ஒரு துண்டு 2 மில்லி குட்டையாகிவிட்டால் நாம் என்ன செய்வோம், அந்த இடைவெளியை வெல்டிங் ராடை (உருகி இரும்பை ஒட்டும் கம்பி) வைத்தே நிரப்பிவிடலாம் என்று பார்ப்போம். நிரப்ப நிரப்பச் சூடு ஏறி ஓட்டை விழும், ஆறும்போது இரும்பு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு காலும் கோணிவிடும். உங்கள் இரண்டு புகாரும் ஒரே புகார்தான்.

நாற்காலிக்கு 25 மில்லி சதுரப் பைப், 16 கேஜ் கேளுங்கள், அதாவது சுவர் கனம் 1.6 மில்லி. 18 கேஜ் 1.2 மில்லிதான், விலை குறைவு என்று அதை வாங்கினால் புதுக் கை பொத்தல் போட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளையாகப் பளபளக்கும் ஜிஐ பைப் வேண்டாம், அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, வெல்டிங் வைக்கும்போது வரும் புகையைச் சுவாசித்தால் அன்று இரவு குளிர்காய்ச்சல் மாதிரி படுத்தும். ஒரே ஒரு பைப்புக்காகப் பாரிமுனை செம்புதாஸ் தெரு வரை போகத் தேவையில்லை, பக்கத்து இரும்புக் கடையே போதும்.

ஒரு முழு பைப் 6 மீட்டர். பின்கால் 85 செ.மீ. இரண்டு, முன்கால் 43 இரண்டு, பக்கவாட்டுக்கு 38 நாலு (இருக்கைக்கு இரண்டு, கீழே கால்களைப் பிணைக்க இரண்டு), குறுக்கே 40 நாலு (இருக்கைக்கு முன்னும் பின்னும், முதுகுக்கு இரண்டு). கூட்டினால் 568 செ.மீ., ஒரே பைப்பில் முடிந்துவிடும். கடையில் சரிபாதியாக வெட்டித் தரச் சொல்லி ஆட்டோவில் கொண்டுவரலாம், ஒரு பாதியில் எல்லாக் கால்களும் 38-ல் ஒன்றும் அடங்கும், மிச்சமெல்லாம் மறு பாதியில். மேலே 2 செ.மீ. பலகை போட்டால் உட்காரும் உயரம் 45 வரும்.

வெட்டுவதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஒரே அளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக டேப் வைத்து அளக்காதீர்கள், முதல் துண்டைச் சரியாக வெட்டி அதையே அளவுகோலாக வைத்து மற்றதைக் குறியுங்கள், மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் கோடு சுற்றி வர வேண்டும். வெட்டுச் சக்கரம் சுழலும் கை கிரைண்டர் பயமாக இருந்தால் இஞ்சுக்கு 24 பல் உள்ள ஆக்ஸா பிளேடு போதும், கை வலிக்கும், அவ்வளவுதான். கிரைண்டரில் வெட்டினால் சக்கரத்தை மறைக்கும் அதன் கார்டை (காப்பு மூடியை) கழற்றக் கூடாது. பட்டறைகளில் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்.

முதலில் இரண்டு பக்கவாட்டுச் சட்டங்களைத் தரையில் படுக்க வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி மட்டும் டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிற்கும் சின்ன வெல்டிங்) வைத்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் டேக்கை உடைத்துத் திரும்ப வையுங்கள், வெட்கமே வேண்டாம். அப்புறம் குறுக்குத் துண்டுகளைச் சேர்த்து, இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். நாலு காலும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் முழு வெல்டிங், அதையும் ஒரே மூலையில் முடிக்காமல் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வையுங்கள்.

2.5 மில்லி ராடு, 60 ஆம்பியர் பக்கம் தொடங்குங்கள், ராடு ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் ஏற்றலாம். ராடு பிடிக்கும் கேபிளை மைனஸில் மாட்டினால் மெல்லிய பைப்புக்குச் சூடு குறையும். மெஷினின் இன்னொரு கேபிளில் இருக்கும் எர்த் கிளாம்பை (பைப்பைக் கவ்வும் கிளிப்பை) துருவிலோ பெயின்டிலோ கவ்வ விடாதீர்கள், பாதிப் பேர் மெஷின் சரியில்லை என்று சொல்வது இதனால்தான்.

சாய்வுக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டம் சேர்க்கும் முன்பே, பின்காலில் இருக்கைக்கு 5 செ.மீ. மேலே, பின்பக்கம் 4 மில்லி அகலத்துக்கு ஆப்பு மாதிரி வெட்டுங்கள், இரண்டு பக்கச் சுவரும் வெட்டுப்பட வேண்டும், முன்சுவரைத் தொடவே கூடாது. பின்னால் மடக்கினால் கிட்டத்தட்ட 9 டிகிரி சாயும், மூடிக்கொண்ட வெட்டைச் சுற்றி வெல்டிங் வையுங்கள். சாய்ந்து உட்காரும்போது இழுபடுவது முன்சுவர்தான், அது வெட்டாமல் முழுசாக இருப்பதால் தாங்கும்.

போட்டுக்கொள்ள வேண்டியவை: 10 அல்லது 11 ஷேடு (கண்ணாடியின் கருமை எண்) வெல்டிங் ஹெல்மெட், பருத்திச் சட்டை, ஷூ. பாலியஸ்டர் டி-ஷர்ட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மாடியில் குழந்தைகள் வேடிக்கை பார்த்தால் விரட்டிவிடுங்கள், வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி எழுந்து உட்காருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் நின்றுகொண்டு மெஷினைத் தொடாதீர்கள்.

கேள்வி (பெருங்குடி வாசகி): அபார்ட்மென்ட்டில் வெல்டிங் வைக்க விடமாட்டார்கள். வேறு வழி?

பதில்: விடாததும் நல்லதுதான், கிரைண்டர் பொறி ஜன்னல் கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், அப்புறம் அசோசியேஷனில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆக்ஸா பிளேடில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, படத்தோடு தெருவில் உள்ள கிரில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெல்டிங் கூலி மட்டும்தான் ஆகும். ஆனால் டேக் வைத்ததும் மூலைவிட்டத்தை அளந்து பார்க்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள், “சரியாத்தான்மா இருக்கு” என்பார்கள், பரவாயில்லை, அளந்து பாருங்கள்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): நானே செய்த நாற்காலி, ரெட் ஆக்சைடு அடித்தும் ஒரே வருஷத்தில் கால் நுனி துருப்பிடித்துவிட்டது. ஏன்?

பதில்: கடற்காற்று ஒரு பங்கு, திறந்து கிடக்கும் பைப் வாய் ஒரு பங்கு. வீடு துடைக்கிற தண்ணீர் அதற்குள் ஏறி உள்ளிருந்தே அரிக்கும். ரெட் ஆக்சைடு அடிப்பூச்சுதான், அதோடு நிறுத்தினால் ஈரம் ஊடுருவும், மேலே எனாமல் இரண்டு கை அடித்தாக வேண்டும். இப்போதைக்குத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பைப் வாயில் சின்னத் தகடு வைத்து வெல்டிங்கில் மூடி, பெயின்ட் அடித்து ரப்பர் புஷ் (கால் நுனிக்கு மாட்டும் ரப்பர் மூடி) மாட்டுங்கள். மூடாமல் புஷ் மட்டும் மாட்டினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.