உரிமம் மாறும் மென்பொருள்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் செயலியில் கேச்சுக்கு (அடிக்கடி தேவைப்படும் தரவை வேகமாக எடுக்கும்படி வைத்திருக்கும் இடம்) ரெடிஸ் 7.2 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது. திறந்த மூல மென்பொருள்கள் ஏன் திடீர் திடீரென்று உரிமத்தை மாற்றுகின்றன? நாங்கள் என்ன செய்வது?

பதில்: நிரலை எழுதிப் பராமரிப்பது ஒரு நிறுவனம், அதையே வாடகைச் சேவையாக விற்றுக் காசு பார்ப்பது கிளவுட் நிறுவனங்கள். இந்தக் கணக்கு உதைத்ததால்தான் 2018-ல் மாங்கோடிபி, 2021-ல் எலாஸ்டிக்சர்ச், 2023-ல் டெராஃபார்ம், 2024 மார்ச்சில் ரெடிஸ் என்று வரிசையாகக் கட்டுப்பாடு கூடிய உரிமங்களுக்கு மாறின. ரெடிஸ் அறிவித்த 8 நாளில், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ரெடிஸின் பழைய நிரலிலிருந்து வால்கி என்ற தனி மென்பொருள் கிளை பிரிந்தது. அமேசானும் கூகுளும் ஆரக்கிளும் அதன் பின்னால் நின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் 8-ல் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்தார்கள். வால்கி பிறந்திராவிட்டால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு அவசரமில்லை. 7.2, கிட்டத்தட்டத் தடையின்றிப் பயன்படுத்த விடும் பழைய பிஎஸ்டி உரிமத்திலேயே இருக்கிறது. கொடுத்ததைப் பிடுங்க முடியாது. கவனிக்க வேண்டியது கன்டெய்னர் டேக், அதாவது மென்பொருள் பொதியின் எந்தப் பதிப்பை இறக்குவது என்று சொல்லும் அடையாளம். அதில் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால் அடுத்த முறை இழுக்கும்போது சத்தமில்லாமல் புதிய பதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் திரும்புவது பெரும்பாடு. 7.2 தன் தரவைச் சேமித்து எழுதும் ஆர்டிபி கோப்பின் வடிவ எண் 11. அதை வால்கி அப்படியே திறக்கும். 7.4 எழுதுவது 12. வால்கி ஏற்க மறுத்துவிடும். ஆகவே இன்றே பதிப்பு எண்ணைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஆபத்தை முன்பே கணிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமமா, வணிகப் பெயரும் ஒரே நிறுவனத்திடமா? அப்படியென்றால் அடுத்த பதிப்பை அவர்கள் விருப்பப்படி மாற்றலாம். காப்பிலெஃப்ட் உரிமமாக (மாற்றிய நிரலைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில்தான் தரவேண்டும் என்பது) இருந்தாலும், நிரல் எழுதித் தருபவர்களிடம் வாங்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் மறு உரிமம் தரும் அதிகாரத்தைக் கொடுக்கிறதா என்று படியுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் அந்த ஒப்பந்தமே இல்லை. பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால் அதன் காப்பிலெஃப்ட் உரிமமான ஜிபிஎல்லை மாற்ற வழியில்லை.

அடுத்து, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையால் கடந்த 12 மாத கமிட்களை (மாற்றப் பதிவுகளை) ஆள்வாரியாக எண்ணுங்கள். எல்லாரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் என்றால் மேலே சொன்ன ஆபத்து. ஒரே ஆள், அதுவும் சம்பளமின்றி என்றால் வேறு ஆபத்து: 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் திட்டத்தில் களைத்துப்போன பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்தவர்தான் 5.6.0 பதிப்பில், கணினிக்குள் ரகசியமாக நுழைய உதவும் பின்கதவு வைத்தார். அப்படிப்பட்ட மென்பொருள் நூலகத்தை நம்பியிருந்தால் மாதந்தோறும் ஒரு தொகை கொடுங்கள், அல்லது உங்கள் பொறியாளர் ஒருவரின் நேரத்தை ஒதுக்குங்கள். ஒரு தடவை நன்கொடை கொடுத்துவிட்டு மறந்துவிடுவது அதைப் பராமரிப்பவருக்குச் சம்பளம் ஆகாது.