பதில்: ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் வைத்துப் பார்க்க 70/700 தொலைநோக்கி (70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம்) வாங்கலாமா?

நண்பரே, நீங்கள் இங்கே பகிர்ந்த கடை விளம்பரத்தில் இருக்கும் "525 மடங்கு" கணக்கு இதுதான்: 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்தால் 175, அதை 3x பார்லோ (ஐபீஸுக்கு முன்னால் செருகும் கூடுதல் லென்ஸ்) மும்மடங்காக்குகிறது. 70 மி.மீ. லென்ஸ் தாங்குவது 140 மடங்கு வரைதான். அதற்கு மேல் சனி மங்கலான கறையாகத்தான் தெரியும்.

தொகை இடம் கொடுத்தால் 130/650 நியூட்டோனியனை (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடி வைத்த தொலைநோக்கி) டாப்சோனியன் தாங்கியோடு (முக்காலி இல்லாமல் தாழ உட்காரும் சுழல் பெட்டி) வாங்குங்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒல்லி முக்காலி நடுங்கும், மணலில் புதையும். ஐபீஸ் இரண்டே போதும்: 25 மி.மீ. (26 மடங்கு), 6 மி.மீ. (108 மடங்கு). மே நடுவில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே கடலுக்கு மேல் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை 25 மி.மீ. ஐபீஸில் பாருங்கள். சென்னையைவிட உங்களுக்கு அது நாலு பாகை உயரமாக நிற்கும்.

வண்ண ஃபில்டர் பெட்டி வேண்டாம். நிலாவுக்கு ஒரு மூன் ஃபில்டர் போதும், அதுகூடக் கண்கூச்சத்துக்குத்தான். ஐபீஸில் திருகும் சன் ஃபில்டர் கூட வந்தால் உடைத்துப் போட்டுவிடுங்கள். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்குக் குழாயின் முன்வாயை முழுக்க மூடும் ஃபில்டர்தான்.

உங்கள் ஊரில் முதல் எதிரி உப்புக்காற்று. குழாய்க்குள் இருக்கும் குழிக்கண்ணாடியில் படிந்த உப்பைத் துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும். கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசி, சாய்த்து வைத்து உலர விடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகே மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு உள்ளே வையுங்கள்.