நரைத்த தலைகள் ஏறிய தொங்கான்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். போர்ப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது 'தி சீ வுல்வ்ஸ்' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். மன்னிக்கவும், ஏமாற்றம்தான். கிரெகரி பெக், டேவிட் நிவன், டிரெவர் ஹோவர்ட் என்று எல்லாருமே கிழவர்கள். இவர்கள் கப்பல்மேல் ஏறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "அப்பா, இது முதியோர் இல்லத்துச் சுற்றுலாவா?" என்று கேட்டான் என் மகன். பேருக்காக நடிகர்களைப் போட்டால் இப்படித்தான் ஆகும். இளைஞர்களை வைத்து எடுத்திருக்கக் கூடாதா? இன்னொன்று. அதே போர் நம் பினாங்குக் கடலிலும் நடந்ததே. அதைப் படமாக எடுத்தால் யாரைப் போடுவீர்கள்?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் கேட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அவன் வயதில் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். எண்பதுகளில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் பார்த்தது. முன்பே பத்துப் பேர் பார்த்துத் தேய்த்த டேப். திரையில் கோடு கோடாக விழும். எனக்கு வேண்டியது ரோஜர் மூர் மட்டும்தான். மற்றவர்கள் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

கதை நிஜமாக நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1943 மார்ச். கோவா போர்ச்சுக்கீசியர் கையில் இருக்கிறது. அவர்கள் நடுநிலை நாடு. மர்மகோவா துறைமுகத்தில் 'எரன்ஃபெல்ஸ்' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் ஒதுங்கி நிற்கிறது. அதிலிருந்து ரகசிய வானொலியில் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் போகிறது என்று பிரிட்டிஷ்காரர்களுக்குச் சந்தேகம். நடுநிலைத் துறைமுகத்துக்குள் பட்டாளத்தை அனுப்ப முடியாது. அதனால் கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற தொண்டர் குதிரைப் படையிலிருந்து 14 பேரையும், கல்கத்தா ஸ்காட்டிஷ் என்ற இன்னொரு தொண்டர் படையிலிருந்து 4 பேரையும் அந்தக் கப்பலைத் தாக்குவதற்காகப் பிடித்தார்கள். குதிரைப் படை என்று பேர்தானே தவிர, அதற்குள் அது பாதி கிளப் மாதிரி ஆகியிருந்தது. போனவர்கள் கம்பெனி அதிகாரிகள், கணக்கர்கள், வியாபாரிகள். ரயிலில் கொச்சிக்கு வந்து, அங்கே 'ஃபீபி' என்ற படகில் ஏறினார்கள். துறைமுகத்தில் தோண்டிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுகிற படகு அது. நம் ஊரில் என்றால் தொங்கான் என்று சொல்லிவிட்டுப் போவோம்.

அதாவது, நிஜத்திலும் படகில் ஏறியவர்கள் தொந்தி விழுந்த ஆட்கள்தான். உங்களுக்கு மூச்சு வாங்கியது சரியான இடத்தில்தான் வாங்கியிருக்கிறது. அந்தப் படகில் கட்டுமஸ்தான 25 வயதுக்காரர்களை ஏற்றியிருந்தால் அது கமாண்டோ படம் ஆகியிருக்கும். அப்படி நூறு இருக்கின்றன.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கிரெகரி பெக் நடித்த லூயிஸ் பியூ நிஜ அதிகாரி, அந்த நாளில் நாற்பதைத் தொடாதவர். படம் எடுத்தபோது பெக்குக்கு 60 தாண்டிவிட்டது. போதாததற்கு அந்த பிரிட்டிஷ் உச்சரிப்பு வேறு. ஒரு வசனத்தில் இருக்கும், அடுத்ததில் காணாமல் போகும். பெக் போருக்கே போகாதவர். நடன வகுப்பில் முதுகில் அடிபட்டதால் ராணுவம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பக்கத்தில் நிற்கும் நிவனைப் பாருங்கள், அதற்காகத்தான்.

நிவன் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். 1939-ல் போர் மூண்டபோது ஹாலிவுட்டில் நட்சத்திரமாகிக்கொண்டிருந்தார். வாய்ப்புகளை விட்டுவிட்டு ஊர் திரும்பிப் படையில் சேர்ந்தார். கமாண்டோவில் இருந்தார், 'ஃபேன்டம்' என்ற சிறப்புப் பிரிவில் இருந்தார். கதை சொல்வதில் மன்னர். ஆனால் போரைப் பற்றிக் கேட்டால் அதிகம் வாய் திறக்க மாட்டார். 'நவரோன்' படத்தில் இதே பெக்கோடு நடித்தபோது வயது 50. இந்தப் படத்தில் 70-ஐ ஒட்டிவிட்டார். உடம்பு மெலிந்து, சட்டைக் கழுத்து தளர்ந்து தெரியும். 1983-ல் நரம்பு நோயில் இறந்துபோனார். அது தெரிந்தபிறகு, அவர் சும்மா நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிற காட்சிகளை என்னால் ஓட்டிவிட்டுப் போக முடிவதில்லை.

பேட்ரிக் மக்னியை நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். சிரிக்க வைக்கிற சின்ன வேடம். அந்த நடிகர் கூட்டத்தில் கடற்படைப் படகில் சண்டைக் காலத்தைக் கழித்தவர் அவர். டார்பிடோ படகில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. நார்மண்டிப் படையெடுப்புக்குச் சற்று முன்னால் மார்ச்சளியில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய படகு சண்டையில் அழிந்தது. அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கடல் படத்தில் கிடைத்தது கோமாளி வேடம்! டிரெவர் ஹோவர்ட் விஷயம் தலைகீழ். வீரப் பதக்கம் வாங்கியவர் என்று வெகுகாலம் விளம்பரம் செய்தார்கள். பின்னால் ஆவணங்களைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. மூருக்கு ராணுவச் சேவை வந்ததே போர் முடிந்த பிறகுதான்.

ஆக, போர் பார்த்தவர், பார்க்காதவர், பார்த்ததாகச் சொல்லப்பட்டவர் என்று எல்லாரும் ஒரே படகில். கல்கத்தாவிலிருந்து கிளம்பிய 18 பேரும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருப்பார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் படம் பிடிக்கிறது.

பிடிக்காததும் உண்டு. மூரும் பார்பரா கெல்லர்மனும் வரும் காதல் காட்சிகள் கதையில் ஒட்டவே இல்லை. அந்தப் பெண் வேடமே கற்பனை. மூர் கோட்டு சூட்டுப் போட்டதும் பாண்ட் படம் ஆகிவிடுகிறது. அப்புறம், இந்தியாவில் நடந்த கதை, இந்தியாவில் எடுத்த படம். முன்வரிசைப் பெயர்களில் ஒரு இந்தியப் பெயராவது உண்டா?

அதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொண்டுவந்து விடுகிறது. படத்தில் உத்தரவு போடும் காலின் மெக்கன்ஸி நிஜ மனிதர். அவர் தலைமையில் இருந்த பிரிட்டிஷ் ரகசிய அமைப்புத்தான் பிற்பாடு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஃபோர்ஸ் 136. கோவா சம்பவம் நடந்த அதே 1943-ல், மே மாதம், நீர்மூழ்கியில் பேராக் கரைக்கு ஆள் அனுப்பினார்கள். அதே ஆண்டின் பின்பாதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கில் வந்து நின்றன. ஜப்பான் நீர்மூழ்கிகள் அதற்கு முன்பே இங்கே இருந்தன.

நான் எடுத்தால் வக்கம் காதரை எடுப்பேன். திருவிதாங்கூரிலிருந்து பிழைக்க மலாயாவுக்கு வந்த இளைஞர். பினாங்கில் இருந்த இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிடியூட்டில், இந்திய விடுதலைக்காக பிரிட்டிஷாரை உளவு பார்க்கப் பயிற்சி பெற்றார். 1942 செப்டம்பரில் ஜப்பான் நீர்மூழ்கியில் இங்கிருந்து கிளம்பி, மலபார் கரையில் தானூரில் இறங்கினார். கூட வந்தவர்களோடு உடனே பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10, மதராஸ் சிறையில் தூக்கு. வயது 26. கோவாவுக்குப் போன கணக்கர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே, ஒரு ஆள்கூடச் சாகாமல், தங்கள் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்கள்.

இளைஞர்கள் வேண்டும் என்றீர்களே, இங்கே போடுங்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட வேண்டாம். முகம் தெரிந்துவிட்டால் 'இவர் ஹீரோ, எப்படியும் தப்பித்துவிடுவார்' என்று பார்ப்பவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். மலையாளம் கலந்த தமிழும், இங்கே வந்து பொறுக்கிய மலாயும் நாக்கில் இருக்கிற பையன் வேண்டும். அதை எழுதிக்கொடுத்துப் பேச வைக்க முடியாது.

இன்னொரு வேடமும் மனதில் இருக்கிறது. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார். நீர்மூழ்கி பார்த்தீர்களா என்று கேட்டேன். "கறுப்பா ஒண்ணு நிக்கும். அந்தப் பக்கம் பார்த்தா அடிப்பான்" என்றார். அவ்வளவுதான். காதர் ஏறும் காட்சியில் கரையில் அப்படி ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பத்து விநாடி, வசனம் கிடையாது.

அதற்கு ஆள் பார்த்தும் வைத்துவிட்டேன். எங்கள் தெருமுனைக் கடையில் தினமும் தே தாரிக் குடிக்க வருகிற அண்ணன், துறைமுகத்தில் கப்பல் வடம் பிடித்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "முதுகு மட்டும்தானா?" என்றார்.