ஒளி வரும் நேரத்தில் பிள்ளை யாரிடம்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோவையில் ஆறு வருடமாகக் கல்யாணப் படங்கள் எடுத்து வருகிறேன். அது வருமானத்துக்கு. மனசுக்கென்று வைத்திருந்தது தூத்துக்குடி உப்பளம். மூன்று முறை போய் எடுத்தேன். அப்புறம் கர்ப்பமானேன், அந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. இப்போது மகனுக்குப் பதினான்கு மாதம். மறுபடி போகலாமா என்று பேச்செடுத்தால் அத்தை, "அவன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். கணவர், "அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம், நானும் வருகிறேன்" என்கிறார். நீங்கள் இரண்டு பிள்ளைகளோடும் பயணம் போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போவதா, விட்டுவிட்டுப் போவதா? விட்டுப் போக நினைத்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. கூட்டிப் போனால் வேலை நடக்குமா என்று பயமாக இருக்கிறது. சில நாட்களில் கேமராவை விற்றுவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

கேமராவை விற்காதீர்கள். மற்ற எதைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம்.

கூட்டிப் போவதா, விட்டுப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நான்கைந்து வருடம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு என்று தாமதமாகத்தான் புரிந்தது. காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை, பிள்ளை யார் கையில் இருக்கும்?

நம் பக்கத்தில் சூரியன் சட்டென்று மேலே ஏறிவிடும், மாலையில் சட்டென்று இறங்கிவிடும். இதமான வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. பிள்ளை விழித்ததும் அம்மாவைத் தேடுவதும் அந்த நேரம்தான். சாயங்காலம் காரணமே இல்லாமல் சிணுங்குவதும் அந்த நேரம்தான். பகல் முழுக்கச் சமர்த்தாக இருந்த பிள்ளை, வெளிச்சம் பொன்னாக மாறும்போது சரியாக அழ ஆரம்பிக்கும். எத்தனையோ நாள் எனக்கு இது நடந்திருக்கிறது. பிள்ளைமேல் தப்பில்லை, உங்கள்மேலும் தப்பில்லை. இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. ஆகவே உங்களோடு இன்னொரு ஆள் இருக்க வேண்டும். "நானும் வருகிறேன்" என்று உங்கள் கணவர் சொல்வதற்கு இந்தப் பொருள் இருந்தால் அது பெரிய கொடுப்பினை. ஆனால் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அவர் சுற்றிப் பார்க்க வருகிறாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறாரா? இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு இரண்டு வயது. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். முத்தாரம்மன் கோவில் திருவிழா உங்களுக்குத் தெரியும்தானே. விரதமிருந்து காளி, அனுமன், குறத்தி என்று வேஷம் கட்டியவர்கள் ஊர் ஊராக வந்து சேருவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். பகலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. குரங்கு வேஷம் போட்ட ஒரு தாத்தாவோடு மகள் விளையாடக்கூடச் செய்தாள். இருட்டியதும் மேளச் சத்தமும் தீப்பந்தமும் ஏறின. நாக்கை நீட்டிய ஒரு காளி மிக அருகில் வந்ததும் பிள்ளை அலறிவிட்டாள். கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே நடந்தார். நான் இரண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் இருவரையும் காணோம். அவ்வளவு ஜனம் சேர்ந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் தேடினேன். சாலையோர டீக்கடை பெஞ்சில், அவர் மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் என்னைத் திட்டவில்லை. நான்தான் அழுதேன்.

அன்றிலிருந்து திருவிழா, கூட்டம், போராட்டம், இரவு வேலை எதற்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. எங்கே தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று பேசி வைக்காமல் எந்த வேலைக்கும் கிளம்புவதுமில்லை.

அதற்காகப் பிள்ளைகள் இருந்தால் வேலை நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும் வேலை வேறு வேலையாக இருக்கும். இடுப்பில் பிள்ளை இருந்தால், தூரத்தில் இருப்பதை எடுக்கும் கனமான 70-200 லென்ஸைத் தூக்க முடியாது. ஒரு கேமரா பாடி, ஜூம் இல்லாத ஒரு 35 எம்.எம். பிரைம் லென்ஸ், அவ்வளவுதான் என்று நான் சுருக்கிக்கொண்டேன். தூரத்திலிருந்து எடுக்கும் பழக்கம் அதோடு போனது. ஆட்களுக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது, பேச வேண்டியிருந்தது. பேச்சைப் பிள்ளையே ஆரம்பித்து வைத்தது. "என்ன வயசு? பல்லு முளைச்சிருச்சா? எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே பெண்கள் திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் வாசலோடு நின்றிருப்பேன். அந்த வருடங்களில் நான் எடுத்த வீட்டுக்குள்ளான படங்கள் எனக்கு இன்றும் பிடித்தவை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயான பிறகு மற்றவர்களின் பிள்ளைகளைப் படமெடுக்க எனக்குக் கை கூசியது. அதற்கு முன்னால் தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன். என் மகளை யாரோ ஒருவர் பேருந்து நிலையத்தில் கேட்காமல் எடுத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இப்போது அம்மாவையோ பாட்டியையோ கேட்காமல் எடுப்பதில்லை. பிள்ளையைக் காட்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து உங்கள் குற்ற உணர்ச்சி. இதை நான் லேசாகச் சொல்லிக் கடந்துபோக மாட்டேன்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த அந்தத் தாயின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த தாய், இரண்டு தோளிலும் முகம் திருப்பிச் சாய்ந்த பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ஒரு மாதம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்த முகாமைத் தாண்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, மனசு கேட்காமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்து எடுத்த படம். அந்த முப்பதுகளில் லாங்கே தன் இரண்டு மகன்களையும் காசு கொடுத்து வேறு வீடுகளில் தங்க வைத்துவிட்டுத்தான் பயணம் போனார். அந்தப் பையன்களுக்கு அது வலித்தது. படம் மகத்தானது, வலியும் நிஜம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

அதே கலிபோர்னியாவில் இன்னொரு புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் வேறு வழியில் போனார். மூன்று பையன்கள், அதில் இருவர் இரட்டையர். வீட்டை விட்டு நகர முடியாத அந்த வருடங்களில் தோட்டத்துச் செடிகளையும் பூக்களையும் எடுத்தார். 1925இல் எடுத்த மக்னோலியா பூவின் படம் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஆனால் அவரும் கடைசிவரை தோட்டத்தோடு நிற்கவில்லை. 1934இல் நியூயார்க்கில் வேலை வந்தது. தானும் கூட வர வசதிப்படும்வரை பொறுத்திரு என்றார் கணவர். இமோஜன் பொறுக்கவில்லை, கிளம்பிவிட்டார். அந்தத் திருமணம் முறிந்தது. அவருடைய இரட்டையரில் ஒருவரான ரோண்டல் பின்னாளில் லாங்கேவிடமே உதவியாளராக வேலை செய்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

நம் நாட்டில் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா. 1942இல் கணவரோடு டெல்லிக்குப் போனவர். சேலை கட்டிக்கொண்டு, கேமராவைச் சுமந்துகொண்டு, சைக்கிளில் நகரத்தைச் சுற்றியவர். ஒரு மகன். பெரும்பாலும் டெல்லிக்குள்ளேயே வேலை செய்தார், 1956இல் தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாகச் சிக்கிம் வந்தபோது அங்கேயும் போய் எடுத்தார். அவருடைய கணவரும் படமெடுப்பவர்தான். வீட்டில் இரண்டு பேருக்கும் அந்த வேலையின் நேரம் காலம் புரிந்திருந்தது. அது எத்தனை பெரிய உதவி என்பது புரியாத வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று பேரும் மூன்று விதமாகச் செய்தார்கள். யாரைப் பார்த்தும் நீங்கள் உங்களை அளந்துகொள்ள வேண்டாம். ஆனால் பிள்ளையை விட்டுப் போவது என்று வந்தால் சில விஷயங்கள் வலியைக் குறைக்கும். மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அசாமில் மாஜுலித் தீவுக்குப் பன்னிரண்டு நாள் போனேன், கிருஷ்ணன் கதையை நடித்துக் காட்டும் ராஸ் விழாவை நவம்பரில் எடுக்க. நிமாட்டி படித்துறையில் படகு ஏறியதும் தோன்றியது, நான்கு வருடத்தில் முதல்முறையாக யாரும் என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கவில்லை என்று. முகமூடி செய்யும் ஒருவர் பக்கத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக நான் வெட்கப்படவில்லை, நீங்களும் படாதீர்கள்.

ஆனால் தினமும் இரவு ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். பேசி முடித்ததும் அவன் ஒரு மணி நேரம் அழுதிருக்கிறான். ஐந்தாம் நாள் என் அம்மா சொன்னார்: "ராத்திரி கூப்பிடாதே, காலையில் கூப்பிடு. பகலெல்லாம் விளையாடி மறந்துவிடுவான்." அப்படியே ஆனது. எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. இன்னொன்று, நாள் கணக்கு. முதல் பயணம் மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதைப் பிள்ளை பழகிக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் பாலைப் பீய்ச்சி எடுக்கக் கை பம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே மார்பு கட்டிக்கொண்டு கேமராவைத் தூக்கவே முடியாது. காலை நான்கரை மணி முகூர்த்தக் கல்யாணங்களில் இது உங்களுக்கு ஏற்கெனவே பட்டுத் தெரிந்திருக்கும்.

சரி, உப்பளத்துக்கு வருவோம். பதினான்கு மாதப் பிள்ளையை உப்புப் பாத்திக்குக் கூட்டிப் போகாதீர்கள். நிழல் கிடையாது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும், பிஞ்சுக் காலில் உப்பு அறுக்கும். தூத்துக்குடியில் அறை எடுத்து, கணவரையும் பிள்ளையையும் அங்கே தூங்கவிட்டு, நீங்கள் மட்டும் இருட்டோடு கிளம்புங்கள். அங்கே உப்பு வாருபவர்களும் வெயிலுக்கு முன்னால்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். எட்டரைக்கு நீங்கள் திரும்பிவிடலாம். பிள்ளை எழுந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். மாலையில், வேலை முடிந்து வீட்டில் இருக்கும் அந்தப் பெண்களைப் பார்க்கப் பிள்ளையோடு போங்கள். உங்கள் மூன்று பயணத்திலும் பாத்தியில் மட்டும்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய வீட்டுப் படங்கள் இந்த முறை கிடைக்கட்டும்.

எப்போது போவது? உங்கள் தொழிலே அதற்கு வழிவிட்டிருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, உப்பளத்தில் வேலை இருக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் அப்போது மழை முடிந்து பாத்திகளைச் சீர் செய்துகொண்டிருப்பார்கள். அதுவும் எடுக்க வேண்டியதுதான். மகன் பள்ளிக்குப் போன பிறகு அரையாண்டு விடுமுறையும் மார்கழியிலேயே வரும்.

அத்தை சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை. ஒன்று முதல் மூன்று வயதுவரைதான் மிகவும் கடினம். நடக்கும், ஓடும், சொன்னால் கேட்காது. நாலு வயதுக்கு மேல் அவனே "அம்மா, அங்க பாரு" என்று உங்களுக்குக் காட்டித் தருவான். ஆனால் அதுவரை உப்பளம் காத்திருந்தாலும் உங்கள் கண் காத்திருக்காது. அத்தையிடம் சண்டை போடாதீர்கள். மூன்று இரவு மட்டும் கேளுங்கள். முடிந்தால் அவரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போங்கள். திருச்செந்தூர் பக்கம்தானே, ஒரு நாள் தரிசனமும் ஆகும், கணவருக்கும் ஓய்வு கிடைக்கும்.

கடைசியாகக் காசு. அடுத்த முறை யாராவது உங்களை வெளியூர் வேலைக்குக் கூப்பிட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உடன் வருபவரின் டிக்கெட்டையும் அறை வாடகையையும் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, பெரியவருக்கு உண்டு. நான் முதன்முதலில் அப்படிப் போட்டு அனுப்பியபோது ஒரு பத்திரிகை பதிலே போடவில்லை. அடுத்து அனுப்பிய இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள். டிரைவருக்கும் உதவியாளருக்கும் கொடுப்பதைப் போலத்தான் இதுவும்.

ஆடி முடிந்ததும் படங்களை அனுப்புங்கள். வீட்டுப் படங்களை முதலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா