'என்னால் முடியும்' என்று மனதுக்குள் சொன்னால் உண்மையிலேயே தைரியம் வருமா?

வரும். ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், 'எனக்குப் பயமே இல்லை' என்று கண்ணாடி முன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர் போலத் தெரிகிறது. அந்த வசனம் எனக்கும் வேலை செய்யவில்லை. பயம் இருக்கிறது என்று நெஞ்சுக்குத் தெரியும்போது வாய் இல்லை என்றால் நெஞ்சு நம்புமா?

என் முதல் ஆசிரியர் நியமனம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவில். எனக்குக் கடல் என்றால் சரியான பயம். 1985 மே மாதம் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது, அதோடு நீச்சலும் தெரியாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் ஓட்டம், சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று நேரம் படகைத் தூக்கிப் போடும். அப்போது அம்மம்மா என்னோடு கதைக்கிற மாதிரி நானே என்னோடு கதைக்கத் தொடங்கினேன். "பிள்ளை, உனக்குப் பயம்தான், பரவாயில்லை. கம்பியைப் பிடி. கீழே தண்ணியைப் பார்க்காதே, தூரத்தில் கரையைப் பார். இந்த அலை போகட்டும், மூச்சை விடு." அவ்வளவுதான். பயம் போகவில்லை, ஆனால் கை நடுங்குவது நின்றது, அப்புறம் பக்கத்தில் அழுத சின்னப் பிள்ளையை மடியில் வைத்திருக்கக்கூட முடிந்தது.

இது என் கற்பனை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஈதன் குரொஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரையோ 'நீ' என்பதையோ சொல்லித் தன்னோடு பேசியவர்கள் மேடைப் பேச்சுப் பதற்றத்தை நன்றாகச் சமாளித்தார்கள். 2009இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு செய்த ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் தங்களைப் பற்றி நல்ல வசனம் திரும்பத் திரும்பச் சொன்னபோது மனம் இன்னும் சோர்ந்துதான் போனது. எனவே உங்களுக்கு அது சரிவரவில்லை என்றால் உங்களில் குறை இல்லை. கடவுளை விட்டுவிடச் சொல்கிறேன் என்றும் நினைக்காதீர்கள், நயினாதீவு அம்மனை நானும்தான் கும்பிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆசிரியர் நியமனத்தில் செல்வாக்கு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு நகரப் பாடசாலை, இல்லாதவர்களுக்குத் தீவு. படகில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவார்கள், பாதுகாப்பு அங்கி கேட்டால் "டீச்சர், பழகிப்போகும்" என்பார்கள். தைரியம் வேண்டும் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் முதலில் அந்த அங்கியைத் தரட்டும்.