வெள்ளி முகமூடிக்காரர்: வாசகர் கேள்வி-பதில்

மெக்சிகோவின் லுச்சா லிப்ரே மல்யுத்தத்தையும் அதன் முகமூடி நாயகன் எல் சாண்டோவையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதற்கு வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

எல் சாண்டோ ஆரம்பத்திலிருந்தே முகமூடியோடுதான் மோதினாரா? (ஈரோடு வாசகர்)

இல்லை. ரோடால்ஃபோ குஸ்மான் உவெர்தா என்பது இயற்பெயர். 1917 செப்டம்பர் 23 அன்று இதால்கோ மாநிலத்தின் துலான்சிங்கோவில் பிறந்தவர். 1930-களில் சொந்த முகத்தோடு, ரூடி குஸ்மான் என்ற பெயரில் சாதாரண ஆட்டக்காரராக இருந்தார். பிறகு 'இரண்டாம் வௌவால்' என்று முகமூடி போட்டுப் பார்த்தார். ஏற்கெனவே வௌவால் வேடத்தில் புகழ்பெற்றிருந்த ஹேசுஸ் வெலாஸ்கெஸ், மல்யுத்த ஆணையத்தில் புகார் கொடுக்க, அந்தப் பெயர் பறிபோனது.

அந்தச் சமயத்தில் ஹேசுஸ் லொமெலி என்ற மேலாளர் வெள்ளி உடை போட்ட ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டிருந்தார். குஸ்மானிடம் மூன்று பெயர்களை நீட்டினார்: புனிதர், பிசாசு, தேவதூதர். இவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். 1942 ஜூலை 26 அன்று மெக்சிகோ நகரில் எட்டுப் பேர் மோதிய ஆட்டத்தில் எல் சாண்டோவாக அறிமுகமானார். அன்று அத்துமீறி அடித்ததற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

பெயர்தான் புனிதர், செய்ததெல்லாம் அடாவடி. மெக்சிகோவில் முறைப்படி மோதுபவர் டெக்னிகோ, விதியை மீறுபவர் ரூடோ. சாண்டோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரூடோ. 1952-இல் ஹோசே ஜி. குரூஸ் இவரை வைத்துப் படக்கதை இதழ் தொடங்கினார், 1950-களின் இறுதியில் சினிமாவும் வந்தது. அவற்றிலெல்லாம் ஏழைகளைக் காப்பவராக வந்துவிட்டு, வார இறுதியில் ரிங்குக்குள் எதிராளியின் கண்ணில் விரலை விட்டால் எடுபடுமா? 1962-இல் டெக்னிகோ பக்கம் மாறினார். மாறுவதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் கணிப்பு. அவசரப்பட்டு மாறியிருந்தால் வசூல் தந்த வில்லத்தனத்தை வீணாக்கியிருப்பார்.

முகமூடிப் பழக்கம் ஆஸ்டெக் காலத்திலிருந்து வந்தது என்கிறார்களே? (பாளையங்கோட்டை வாசகி)

சுற்றுலாக் கையேடுகளுக்குப் பிடித்த கதை அது. மல்யுத்த முகமூடிக்குத் தெளிவான பிறப்பு இருக்கிறது. சால்வடோர் லுத்தெரோத் 1933-இல் மல்யுத்த நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க மல்யுத்தக்காரர், லெயோன் நகரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி அந்தோனியோ மார்த்தினெஸிடம் முகமூடி தைக்கச் சொன்னார். மார்த்தினெஸ் அவருடைய தலையில் 17 அளவுகள் எடுத்து, ஆட்டுத்தோலில் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு 'முகமூடி அதிசயம்' என்ற பெயரில் அந்த அமெரிக்கர் மோதினார். மெக்சிகோக்காரர்களில் இதைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டவர், மேலே சொன்ன வௌவால் வெலாஸ்கெஸ். தோல் மேலாடைக்குள் உயிருள்ள வௌவால்களை மறைத்து வந்து அரங்கில் பறக்கவிடுவார்.

முகமூடி எப்படித் தைக்கப்படுகிறது? மூச்சு முட்டாதா? தையற்கலைஞன் என்ற முறையில் கேட்கிறேன். (திருப்பூர் வாசகர்)

உங்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்லிவிடலாம். தோல் சீக்கிரமே கைவிடப்பட்டது. வியர்வையில் நனைந்து காய்ந்தால் விறைத்துச் சுருங்கும், ஓரம் சருமத்தை அறுக்கும். இன்று பெரும்பாலும் லைக்ரா போன்ற இழுபடும் துணிதான். வெள்ளி, தங்க நிறத்துக்குப் பளபளப்புப் பூச்சுள்ள துணி.

முகத்துக்கு இடம் வலமாக இரண்டு துண்டுகள். நெற்றி உச்சியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை நடுத்தையல். பின்தலை திறந்திருக்கும். அங்கே இரு ஓரத்திலும் லேஸ் ஓட்டைகள், உள்ளே ஷூவில் இருப்பது போல ஒரு நாக்குத்துணி. அது இல்லையென்றால் லேஸ் இறுகும்போது முடியைப் பிடித்து இழுக்கும். கண், மூக்கு, வாய் ஓட்டைகளைச் சுற்றி வேறு நிறத் துணியோ ரெக்சினோ வைத்துத் தைப்பது அழகுக்கு மட்டுமல்ல. வெட்டிய ஓரம் இழுபட்டுப் பெரிதாகாமல் பிடித்துவைப்பதும் அதுதான்.

கோளாறு வருவது மூன்று இடங்களில். துணியின் இழுவை குறுக்கே, அதாவது காதிலிருந்து காதுக்கு இருக்க வேண்டும். நெடுக்கே வைத்து வெட்டிவிட்டால், வாயைத் திறக்கும்போதெல்லாம் கண் ஓட்டை கீழே இறங்கும். அடுத்து, நடுத்தையலின் மிச்சத்துணி தடிப்பாக இருந்தால் மூக்குத்தண்டு புண்ணாகும். மெல்லிய உள்துணி கொடுப்பது அதற்குத்தான். மூன்றாவது, தளர்வு. எதிராளி ஒருமுறை பிடித்துத் திருகினால் கண் ஓட்டை கன்னத்துக்குப் போய்விடும், அந்த நொடியில் ஆள் குருடு. அதனால் லேஸை மேலிருந்து கீழாக ஒவ்வோர் ஓட்டையிலும் இறுக்கிக்கொண்டே வந்து, பிடரியில் முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுவார்கள். நுனி வெளியே தொங்கினால் எதிராளிக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி.

வாயும் மூக்கும் திறந்திருந்தால் மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. வாய் மூடிய முகமூடி என்றால் அந்த இடத்தில் வலைத்துணி வைப்பார்கள். உண்மையான இழப்பு பக்கவாட்டுப் பார்வை. துவைப்பது கையால், குளிர்ந்த நீரில், காயவைப்பது நிழலில். வெயிலில் போட்டால் பளபளப்புப் பூச்சு வெடித்துவிடும்.

எதிராளி முகமூடியைக் கழற்றிவிட்டால்? (கும்பகோணம் வாசகர்)

வேண்டுமென்றே கழற்றினால் கழற்றியவர் தகுதிநீக்கம். ஆனால் கிழிப்பதை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனால் ரூடோக்கள் கிழிப்பார்கள், கூட்டம் கத்தும். முகம் வெளியே வந்தவர் சண்டையை விட்டுவிட்டு இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குப்புறப் படுப்பார். உதவியாளர் துண்டைப் போட்டு மூடி அழைத்துப் போவார். விவரமானவர்கள் மாற்று முகமூடி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பார்கள்.

மூன்று பேருக்கு மூன்று பேர் மோதுகிறார்கள், யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்றே விளங்கவில்லை. (வேலூர் வாசகர்)

கையைத் தட்டி மாறுவது அங்கே கட்டாயமில்லை. உள்ளே இருப்பவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்தாலே கூட்டாளி உள்ளே வரலாம். மூன்று சுற்றில் இரண்டை வென்றால் வெற்றி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு கேப்டன். அவரை வீழ்த்தினால் அந்தச் சுற்று முடிந்தது, அல்லது மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி உச்சந்தலையைத் தரையில் இறக்கும் 'மார்த்தினேத்தே' அடிக்குத் தடை உண்டு. போட்டால் உடனே தகுதிநீக்கம்.

முகமூடிப் பந்தயம் என்றால் என்ன? சாண்டோ பந்தயம் வைத்தாரா? (புதுச்சேரி வாசகர்)

இரண்டு பேரும் முகமூடியைப் பணயம் வைப்பது. முகமூடி இல்லாதவர் தலைமுடியை வைக்கலாம். தோற்றால் ரிங்கிலேயே மொட்டை. முகமூடி போனவர் நடு ரிங்கில் லேஸை அவிழ்த்து, முகமூடியை வென்றவரிடம் கொடுத்து, தன் இயற்பெயர், பிறந்த ஊர், எத்தனை ஆண்டு மோதினார் என்பதைக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். அதே வேடத்தில் மறுபடி முகமூடி போடக் கூடாது. ஒருமுறைதான் விற்க முடிகிற சரக்கு என்பதால், தோற்பவருக்கும் நல்ல தொகை பேசப்படும். வௌவால் வெலாஸ்கெஸ் 1940-இல் ஒக்தாவியோ கவோனாவிடம் இழந்தது இவ்வகையின் முன்னோடி.

சாண்டோவின் பெரிய பந்தயம் 1952 நவம்பர் 7, மெக்சிகோ நகரின் அரேனா கோலிசேயோ அரங்கில். எதிராளி பிளாக் ஷேடோ. தோற்ற பிளாக் ஷேடோவின் முகமூடிக்குள்ளிருந்து அலெஹாண்ட்ரோ குரூஸ் வெளிவந்தார். அவருடைய கூட்டாளியான ப்ளூ டெமான் பழிவாங்கப் புறப்பட்டார். 1953-இல் சாண்டோவைத் தோற்கடித்து வெல்டர் எடை உலகப் பட்டத்தைப் பறித்தார். ரசிகர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும், இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முகமூடியை இழக்கவே இல்லை. யார் தோற்றிருந்தாலும் ஒரு பொன்முட்டை வாத்து செத்திருக்கும். பகையை நீட்டியதில் இருவருமே பல ஆண்டுகள் சம்பாதித்தார்கள், படங்களில் சேர்ந்தும் நடித்தார்கள்.

முகமூடி போனால் வாழ்க்கை போயிற்று என்றும் இல்லை. 2000 மார்ச் 17 அன்று அரேனா மெக்சிகோவில் அட்லாண்டிஸிடம் தோற்று முகம் காட்டிய மூன்றாம் வில்லானோ (அர்துரோ தியாஸ் மெந்தோசா), கால் நூற்றாண்டுக்கும் மேல் முகமூடியோடு மோதியவர். அதன் பிறகும் வெறும் முகத்தோடு மதிப்பாக மோதினார். அடிப்படை ஆட்டம் கையில் இருந்தது. ஆட்டம் பலவீனமாக இருந்து வேடத்தால் மட்டும் ஓடியவர்கள்தான் காணாமல் போனார்கள்.

சாண்டோவின் 'குதிரைச் சவாரி' பிடியை எப்படிப் போடுவது? (சிவகாசி மாணவர்)

நீங்கள் டபிள்யூ.டபிள்யூ.இ-யில் கேமல் கிளட்ச் என்று பார்க்கும் அதே பிடிதான். உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் சாண்டோவின் ஜோடி கோரி கெரெரோ. பின்னாளில் புகழ்பெற்ற எடி கெரெரோவின் தந்தை. எதிராளி குப்புறக் கிடப்பார். முதுகின் மேல் இரு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். அவர் கைகள் இரண்டையும் தூக்கி நம் தொடைகளின் மேல் மாட்ட வேண்டும். பிறகு இரு கை விரல்களையும் கோத்துத் தாடைக்கு அடியில் கொடுத்துப் பின்னால் சாய வேண்டும்.

பழகியவர்கள் கவனிப்பது இரண்டு. உடல் எடையை எதிராளியின் இடுப்பில் இறக்காமல் தன் பாதங்களில் தாங்குவார்கள். விரல் தாடையில்தான் இருக்கும். தொண்டைக்கு நழுவினால் மூச்சு நிற்கும், மேலே போனால் முகமூடி ஏறி வாயை அடைக்கும். கைகளை மாட்டாமல் தலையை மட்டும் இழுத்தால் முழு வளைவும் கழுத்தெலும்பில் விழும். பள்ளி மைதானத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம் தம்பி. பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும் மெத்தையில் மட்டுமே.

ரே மிஸ்டீரியோவும் முகமூடி இழந்தவரா? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம். '619' என்ற உதையால் இங்கே பிள்ளைகளை ஈர்த்த அதே மிஸ்டீரியோ, 1999 பிப்ரவரியில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் ஒரு ஜோடிப் போட்டியில் கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இணையிடம் தோற்று முகமூடியைக் கழற்றினார். முகமூடிக்குப் பின்னால் எவ்வளவு வியாபாரம் இருக்கிறது என்று அமெரிக்க நிறுவனத்துக்கு விளங்கவில்லை. 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மறுபடி முகமூடி போடவைத்தது. மெக்சிகோ மரபுப்படி தப்பு, கல்லாப்பெட்டிப்படி சரி.

இன்னொரு விஷயம்: மெக்சிகோவில் பிடிகளை எதிராளியின் வலது கையிலும் வலது காலிலும் போடுவார்கள், அமெரிக்காவில் இடது பக்கம். எல்லை தாண்டுகிற ஆட்டக்காரர் முதலில் இதைத்தான் மாற்றிப் பழக வேண்டும். மறந்தால் இருவரும் மோதிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க முடியுமா? (காரைக்குடி வாசகி)

எலும்புக்கூடு வேடக்காரர் லா பார்காவின் கதை இதற்குச் சரியான உதாரணம். 1990-களில் ஏ.ஏ.ஏ. என்ற மெக்சிகோ மல்யுத்த நிறுவனத்தில் அந்த வேடத்தில் புகழ்பெற்ற அதோல்ஃபோ தாபியா அமெரிக்கா போனார். வேடத்தின் உரிமை தனக்கே என்று சொன்ன நிறுவனம், அதை இன்னொருவருக்குக் கொடுத்தது. தாபியா பெயரைச் சற்றே மாற்றி எல்.ஏ. பார்க் ஆனார். சண்டை பல ஆண்டுகள் ஓடியது. புதிதாக வருகிற ஆட்டக்காரர் கையெழுத்துப் போடுமுன், பெயரும் முகமூடி வடிவமும் யார் பேரில் பதிவாகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது லா பார்காவுக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபரில் மான்டெர்ரேயில், கயிறுகளுக்கு நடுவே தலை முன்னாகப் பாய்ந்து வெளியே நிற்பவரை மோதும் அடியைப் போட்டார். கால் கயிற்றில் சிக்கியது, தலை இடித்தது, 2020 ஜனவரியில் இறந்தார். முடிவு முன்கூட்டியே பேசிவைத்ததுதானே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: பேசிவைத்தது வெற்றி தோல்வியை மட்டும்தான். அந்தப் பாய்ச்சலில் கால் கயிற்றைத் தாண்டுவதும், கீழே நிற்பவர் நெஞ்சைக் கொடுத்துத் தாங்குவதும் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே நடந்தாக வேண்டும்.

சாண்டோ கடைசிவரை முகத்தைக் காட்டவில்லையா? (யாழ்ப்பாணம் வாசகர்)

1982 செப்டம்பர் 12 அன்று கடைசி ஆட்டம். அதே ஆண்டு அக்டோபரில் மகன் 'சாண்டோவின் மகன்' என்று அதே வெள்ளி முகமூடியோடு அறிமுகமானார். 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், முன்னறிவிப்பில்லாமல், சாண்டோ முகமூடியை மேலே தூக்கி முகத்தின் ஒரு பகுதியைச் சில நொடிகள் காட்டினார். பிப்ரவரி 5 அன்று மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

வேலை விஷயமாக மெக்சிகோ நகரம் போகிறேன். எங்கே பார்க்கலாம்? முகமூடி வாங்கலாமா? (சென்னை வாசகர்)

தொக்தோரெஸ் பகுதியில் இருக்கும் அரேனா மெக்சிகோவுக்குப் போங்கள்; 1956-இல் திறந்தது. லுத்தெரோத் தொடங்கிய நிறுவனம் இன்று சி.எம்.எல்.எல். என்ற பெயரில் அதை நடத்துகிறது. வெள்ளி இரவுதான் பெரிய ஆட்டம். செவ்வாயும் ஞாயிறும் கொஞ்சம் சிறியவை. சனிக்கிழமை என்றால் பழைய நகரில், பெரு குடியரசுத் தெருவில் இருக்கும் அரேனா கோலிசேயோ. அது சிறிய அரங்கு, அடி விழும் சத்தம் நெஞ்சில் கேட்கும். டிக்கெட்டை அரங்கின் கவுன்டரிலேயே வாங்குங்கள்.

வாசலில் தொங்கும் மலிவு முகமூடிகள் குழந்தைகளுக்குப் போதும். ஆட்டக்காரர் போடும் தரம் வேண்டுமென்றால் உள்ளே திருப்பிப் பாருங்கள்: உள்துணி இருக்க வேண்டும், வண்ணத் துண்டுகள் ஒட்டியிருக்காமல் தைத்திருக்க வேண்டும், பின்னால் நாக்குத்துணி இருக்க வேண்டும். தலை அளவு கேட்காமலே எடுத்து நீட்டினால் அது அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.